நிலாவுக்குப் போய் வந்தவர்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

பள்ளி அறிவியல் ஆசிரியர்கள், பாடநூல் எழுதுவோர், கோளரங்குகளில் விளக்கம் சொல்வோர் ஆகியோருக்கு,

வணக்கம்.

நிலாப் பயணம் நம் வகுப்பறைகளில் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது: ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஒரு காலடிப் படம். "நிலவில் முதலில் கால் வைத்தவர் யார்?" என்று ஒரு மதிப்பெண் வினாவும் வந்துவிடும். அதோடு சரி. 1968 டிசம்பரிலிருந்து 1972 டிசம்பர் வரை ஒன்பது அப்பல்லோ பயணங்களில் 24 பேர் நிலா வரை போனார்கள். அவர்களில் 12 பேர் இறங்கி நடந்தார்கள். திரும்பி வந்த சூட்டோடு ஒவ்வொரு குழுவும் பொறியாளர்களிடம் பயணத்தைத் தொடக்கம் முதல் ஒப்பித்தது. எது சிக்கிக்கொண்டது, எது கசிந்தது, எது நாறியது, எங்கே கை வலித்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். அப்பல்லோ 11 குழுவினர் 1969 ஜூலை 31 அன்று, தனிமைப்படுத்தப்பட்ட நாட்கள் முடியும் முன்பே, அமெரிக்காவின் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் இதற்காக உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சு முழுக்க எழுத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நிலாப் பயணத்தைச் சொல்லும்போது அந்த நினைவுகளிலிருந்து சொல்லுங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் பாடம். பிள்ளைகள் "ஏன்?" என்று தாமாகக் கேட்கும் இடங்களும் அவைதான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நிலாவில் இறங்கிய நாளை ஜூலை 20 என்று அச்சிடுகிறோம், அது அமெரிக்கக் கணக்கு. இந்திய நேரப்படி இறங்குகலம் தரை தொட்டது ஜூலை 21 அதிகாலை 1 மணி 47 நிமிடத்தில். ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது அன்று காலை 8 மணி 26 நிமிடத்தில், அது ஒரு திங்கட்கிழமை. இரண்டு தேதியையும் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று கேட்டாலே நேர மண்டலப் பாடம் வகுப்புக்குள் வந்துவிடும்.

அடுத்து தூரம். படங்களில் பூமியும் நிலாவும் பக்கத்துப் பக்கத்து வீடு போல இருக்கின்றன. ஒரு கூடைப்பந்தையும் ஒரு டென்னிஸ் பந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 24 செ.மீ. கூடைப்பந்து பூமி என்றால், டென்னிஸ் பந்து ஏறக்குறைய சரியான அளவு நிலா. அதை 7 மீட்டர் 20 செ.மீ. தள்ளி, வகுப்பின் மறுகோடியில் வைக்க வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையம் இதே கணக்கில் கூடைப்பந்தின் தோலிலிருந்து முக்கால் சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த 7 மீட்டரைக் கடந்து நிலாச் சுற்றுப்பாதையில் நுழைய அப்பல்லோ 11-க்கு ஏறக்குறைய 76 மணி நேரம் ஆனது.

வழியில் நிலா பெரிதாகிக்கொண்டே வந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். போனவர்களின் நினைவு வேறு. கலத்தின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் காய்ந்து மறுபக்கம் உறைந்துபோகாமல் இருக்க, மணிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று வீதம் கலத்தை மெல்ல உருட்டிக்கொண்டே போனார்கள், தணலின் மேல் கம்பியில் கோத்த கிழங்கைத் திருப்புவது போல. அதனால் பயணத்தின் பெரும்பகுதியில் நிலா கண்ணில் படவேயில்லை. கடைசியில் நிலாவின் நிழலுக்குள் நுழைந்தபோது, சூரியன் அதன் பின்னால் மறைந்து, சுற்றிலும் ஒளிவட்டம் தெரிய, பூமியிலிருந்து பட்டுத் திரும்பிய மங்கலான ஒளியில் நிலா ஒரு பெரும் உருண்டையாக எதிரே நின்றது. கிரகணப் பாடத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

குடிதண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். கலத்தின் மின்சாரம் எரிமக் கலங்களிலிருந்து வந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் பிறக்கும், மிச்சமாகத் தண்ணீர் வரும். அதைத்தான் குடித்தார்கள், அதைத்தான் உலர்ந்த உணவுப் பைக்குள் பீய்ச்சிப் பிசைந்தார்கள். சிக்கல் என்னவென்றால் தண்ணீரோடு ஹைட்ரஜன் குமிழிகளும் வந்தன. எடையற்ற நிலையில் குமிழி மேலே ஏறிப் பிரியாது, ஏனென்றால் அங்கே மேல் என்று ஒன்று கிடையாது. அது வயிற்றுக்குள் போனது, வாயுத் தொல்லை வந்தது. அப்பல்லோ 11-இல் இதைப் பிரிக்க வைத்த வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று குழுவினர் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மிதப்பு விசை எடை இருந்தால்தான் உண்டு என்பதை அதன்பிறகு மறக்க மாட்டார்கள்.

இனி இறங்குதல். இதில் சற்று நின்று சொல்லக் கேட்டுக்கொள்கிறோம், நம் நூல்களில் அதிகம் பிழைபடும் இடம் இது. ஏறக்குறைய 15 கி.மீ. உயரத்தில் எஞ்சின் எரியத் தொடங்கி, பன்னிரண்டரை நிமிடத்தில் தரை. நடுவே கணினி 1202 என்றும் 1201 என்றும் எச்சரிக்கை காட்டியது. "கணினி பழுதாகிவிட்டது" என்று எழுதுகிறோம். அது பழுதல்ல. இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ரேடார், நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தைத் தேடிப் பிடிக்க வைத்தது, இயக்கத்தில் இருந்தது. அதன் மின்னோட்டமும் கணினியின் மின்னோட்டமும் ஒரே தாளத்தில் இல்லாததால் ரேடார் பொருளற்ற துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவற்றை எண்ணுவதிலேயே கணினியின் நேரத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு போனது. வேலை நிரம்பி வழிந்ததும், முக்கியமில்லாத பணிகளைக் கைவிட்டு, கலத்தைச் செலுத்தும் பணியை மட்டும் பிடித்துக்கொண்டு கணினி தன்னைத் தானே மீண்டும் தொடங்கிக்கொண்டது. அப்படி நடந்துகொள்ளும்படிதான் அதன் நிரலை எழுதியிருந்தார்கள். 2048 சொற்கள் (கணினி ஒரே தடவையில் கையாளும் எண் துண்டை 'சொல்' என்பார்கள்) மட்டுமே கொள்ளும், அழித்து எழுதக்கூடிய நினைவகத்தோடு இதைச் செய்தது என்று சொன்னால், கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இடம் தவறியதற்கும் காரணம் உண்டு. இரண்டு கலங்களையும் இணைத்த சுரங்க வழியில் காற்று முழுதும் வெளியேறாமல் மிச்சம் இருந்தது. பிரியும் நேரத்தில் அது இறங்குகலத்தை, பாட்டிலிலிருந்து தக்கை போல, லேசாகத் தள்ளிவிட்டது. அந்தச் சிறு தள்ளல், இறங்கும்போது குறி தாண்டி 6 கி.மீ. அளவுக்கு வளர்ந்தது. எதிரே பாறைகள் நிறைந்த ஒரு பெருங்குழி. ஆர்ம்ஸ்ட்ராங் அதைத் தாண்டிக் கிடைமட்டமாக ஓட்டிப் போனதால்தான் எரிபொருள் குறைந்தது. பூமியிலிருந்து "30 வினாடி" என்ற அறிவிப்பு வந்தது. இறங்குவதா, கைவிட்டு மேலே போவதா என்று முடிவெடுப்பதற்கு மிச்சமிருந்த நேரம் அது, தொட்டி காலியாகும் நேரமல்ல. அத்தோடு, தொட்டிக்குள் எரிபொருள் தளும்பியதால் குறைவு விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது. உண்மையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்.

படம் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும் கலத்தைச் சுற்றிப் புகைமூட்டம் போல தூசு சுருண்டு எழுவதாக வரையாதீர்கள். அங்கே காற்று இல்லை, எனவே சுருளாது. 30 மீட்டர் உயரத்திலிருந்தே தூசு கிளம்பி, தரையை ஒட்டி எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் பாய்ந்தது. எஞ்சின் நின்ற கணமே அடங்கிப்போனது. ஓடும் தூசுப் படலத்தின் ஊடே பாறைகள் அசையாமல் தெரிந்தன. தரை நகர்கிறதா, தூசு நகர்கிறதா என்று கண் குழம்பியது. அப்பல்லோ 15-இல் கடைசி 18 மீட்டருக்குத் தரையே தெரியவில்லை. கலம் ஒரு காலைப் பள்ளத்தில் வைத்துச் சாய்ந்து நின்றது.

நடை பற்றி. ஆறில் ஒரு பங்கு எடை என்று பாடத்தில் இருக்கிறது. உடையும் முதுகுப் பெட்டியும் பூமியில் ஏறக்குறைய 81 கிலோ, அங்கே 14 கிலோ போலத்தான். ஆனால் நிறை குறையவில்லை. ஓடத் தொடங்கினால் நிற்பதற்கு இரண்டு மூன்று அடி முன்பே திட்டமிட வேண்டும், திரும்புவதற்கு வெளிப்புறக் காலை ஊன்றி உடம்பை வளைக்க வேண்டும் என்பது ஆர்ம்ஸ்ட்ராங்கோடு இறங்கிய ஆல்ட்ரின் நிலாவில் நின்றபடியே சொன்ன விவரம். எடையையும் நிறையையும் வேறுபடுத்தும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை எங்கும் இல்லை.

கண்ணும் அங்கே ஏமாற்றும். பூமியில் தூரத்து மலை மங்கலாக நீலம் பாய்ந்து தெரிகிறது. காற்று செய்யும் அந்த வேலையை வைத்தே நாம் தூரத்தை மதிப்பிடுகிறோம். நிலாவில் தூரத்துப் பாறையும் பக்கத்துப் பாறையும் ஒரே கூர்மை. ஒப்பிட ஒரு மரமோ கம்பமோ இல்லை. அடிவானமோ இரண்டரை கி.மீ.-க்குள் முடிந்துவிடுகிறது. அப்பல்லோ 14-இல் ஷெப்பர்டும் மிட்செலும் 'கூம்பு' (Cone) என்று பெயரிட்ட பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினார்கள். மூச்சு வாங்க ஏறியும் கண்ணில் படாமல் திரும்பினார்கள். பின்னர் படங்களை வைத்து அளந்தபோது விளிம்பு சில பத்து மீட்டரில் இருந்தது தெரிந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பார்த்தால் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் மறைந்துவிடும், தரையின் மேடுபள்ளம் எல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும். வெயிலுக்குக் குறுக்கே நடப்பதுதான் நல்லது என்று அனுபவத்தில் கற்றார்கள். வானம் கருமை, ஆனால் விண்மீன் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் "படங்களில் நட்சத்திரம் எங்கே, எல்லாம் பொய்" என்ற புரளிக்கு நம் பிள்ளைகள் இரையாகிறார்கள். வெயில் கொட்டும் தரையைப் பார்க்கும் கண்ணும் கேமராவும் மங்கலான புள்ளிகளைப் பிடிக்காது. தெருவிளக்கின் அடியில் நின்று வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

கொடியும் அப்படியே. மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. அது முழு நீளத்துக்கு விரியாமல் சிக்கிக்கொண்டதால் துணி மடிப்பு மடிப்பாக நின்றது, காற்றில் ஆடவில்லை. நடும்போது கம்பம் ஒரு சாண் அளவுக்கு மேல் இறங்கவில்லை. மேலே மாவு போன்ற தூசு, கீழே இறுகிப்போன மண். புறப்படும்போது எஞ்சின் கக்கிய வாயுவில் அந்தக் கொடி சாய்ந்ததை ஆல்ட்ரின் ஜன்னல் வழியே பார்த்தார். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்ற வரியை இன்னும் வைத்திருக்கும் நூல்கள் அதை நீக்கிவிட வேண்டும். போனவர்கள் கண்டது வெண்மேகம், நீலக்கடல், கொஞ்சம் பழுப்பு நிலம், அவ்வளவே.

கைகளைப் பற்றி யாருமே சொல்வதில்லை. உடைக்குள் காற்றழுத்தத்தில் கால் பங்கு அளவுக்கு ஆக்சிஜன் நிரம்பியிருக்கும். வெளியே வெறுமை. ஆகவே கையுறை ஊதிய பலூன் போல விறைத்து நிற்கும். ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். சுத்தியல் பிடிப்பதும், பையின் வாயை மூடுவதும், துளைக் கருவியை நிமிர்த்துவதும் முன்கையின் தசையைத் தின்றன. அப்பல்லோ 15-இல் டேவிட் ஸ்காட், விரல்நுனியில் தொடு உணர்வு கிடைக்க வேண்டும் என்று கையுறையை இறுக்கமாகப் பொருத்திக்கொண்டார். நகங்களுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கறுத்தது. ஒரு நீள பலூனை ஊதி, அதை மடக்கி மடக்கி விடச் சொல்லுங்கள். பிறகு தடித்த ரப்பர் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, 20 நிமிடம் நட்டும் போல்ட்டும் திருகச் சொல்லுங்கள். நிலாவில் ஒரு கல் எடுப்பது என்ன வேலை என்று பிள்ளைகளின் கையே சொல்லும்.

போய் வந்த எல்லோர் நினைவிலும் ஒட்டிக்கொண்டது தூசுதான். நிலா மண்ணில் எடைக்கணக்கில் பாதி, தலைமுடியின் தடிமனுக்கும் சிறிய துகள். நம் ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. அங்கே நீரும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி உடைத்த துகள்கள் கண்ணாடிச் சில்லு போலக் கூராகவே கிடக்கின்றன, மின்னேற்றமும் கொண்டிருப்பதால் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. துலக்கினால் போகாது, தேய்த்தால் கீறும். தலைக்கவசக் கண்ணாடி கீறலாகி வெளிச்சத்தில் மங்கியது. உடையின் இணைப்பு வளையங்கள் சிக்கின. கற்களை வைத்த பெட்டிகளின் விளிம்பில் தூசு உட்கார்ந்து காற்றுப்புகா மூடியைக் கெடுத்தது.

உள்ளே வந்து தலைக்கவசம் கழற்றியதும் ஒரு மணம். சுட்டுத் தீர்ந்த துப்பாக்கி மருந்து போல என்று பலரும், நனைந்த சாம்பல் போல என்று ஆர்ம்ஸ்ட்ராங்கும் சொன்னார்கள். தீபாவளி மறுநாள் காலைத் தெருவை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் போதும். நிலா மண்ணில் வெடிமருந்து எதுவும் இல்லை, பூமிக்கு வந்த மண்ணில் அந்த மணமும் இல்லை. உடைந்த துகளின் புதிய பரப்பு கலத்தின் ஈரமான ஆக்சிஜனோடு முதன்முறை வினைபுரிந்ததால் எழுந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்பல்லோ 17-இல் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கு அடைத்துக்கொண்டு சளி பிடித்தது போலானது. நிலாவிலிருந்து எழும்பியதும் எடை போய்விட, தரையில் கிடந்த தூசெல்லாம் காற்றில் மிதந்து கண்ணுக்கும் மூக்குக்கும் வந்தது. அப்பல்லோ 12-இல் தாய்க்கலத்தைக் காத்திருந்த கார்டன், கரி பூசியவர்கள் போல வந்த நண்பர்கள் இருவரையும் உடை களையச் சொல்லித்தான் உள்ளே விட்டார்.

தூசுக்கு எதிராக நடந்த நல்ல கைவேலை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இன் நிலா வண்டியில், செர்னனின் உடைப் பையிலிருந்த சுத்தியல் இடித்து வலது பின்சக்கரத்தின் மட்கார்டு உடைந்தது. மட்கார்டு இல்லாமல் ஓடினால் சக்கரம் வாரி இறைக்கும் தூசு ஓட்டுபவர்மேலும் மின்கலப் பரப்பின்மேலும் மழையாகப் பொழியும். கறுப்புத் தூசு படிந்தால் வெப்பம் வெளியேறாது, மின்கலம் கொதிக்கும். முதலில் பசை நாடா போட்டு ஒட்டினார்கள். பசையில் தூசு பிடித்துப் பிய்ந்தது. மறுநாள், ஹூஸ்டனில் ஒத்திகை பார்த்துச் சொன்னபடி, நான்கு நிலப்பட அட்டைகளைக் கலத்துக்குள்ளேயே, தூசு படாத இடத்தில் வைத்து, நாடாவால் ஒன்றாக ஒட்டி, கலத்திலிருந்த விளக்குகளின் இரண்டு பிடிப்பான்களால் சக்கரத்தின் மேல் இறுக்கினார்கள். அது கடைசி வரை தாங்கியது. பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் ஆற்று மணலும் மறுபக்கம் புதிதாக இடித்த செங்கல் தூளும் தேய்த்து, உருப்பெருக்கியில் பார்க்கச் செய்யுங்கள். இடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

தூங்கினார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஏறக்குறைய தூங்கவேயில்லை. ஒருவர் தரையில், ஒருவர் எஞ்சின் மூடியின் மேல். குளிர், பம்புகளின் இரைச்சல், ஜன்னல் திரையில் கசியும் வெயில், போதாக்குறைக்குத் தொலைநோக்கியின் வழியே கண்ணில் விழும் பூமியின் வெளிச்சம். அடுத்த பயணத்திலிருந்து தூளி கட்டிக் கொடுத்தார்கள். மேலே எழும்ப வேண்டிய எஞ்சினுக்கான சுவிட்சின் முனை முதுகுப் பெட்டி இடித்து முறிந்திருந்தது. ஆல்ட்ரின் ஒரு ஸ்கெட்ச் பேனாவின் முனையால் அழுத்தினார். உலோகப் பேனாவாக இருந்தால் மின்சாரம் பாயும் என்பதால் அதைத் தேர்ந்ததையும் சொல்லுங்கள். காலின்ஸ் தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் தொலைநோக்கியால் கீழே தேடியும், இறங்கிய இடம் துல்லியமாகத் தெரியாததால், நண்பர்களின் கலத்தை அவரால் ஒருமுறைகூடக் காண முடியவில்லை.

தவறுகளையும் மறைக்காதீர்கள், அவர்களே மறைக்கவில்லை. அப்பல்லோ 8 திரும்பும் வழியில் லோவெல் ஒரு விண்மீனின் எண்ணைத் தட்டுவதற்குப் பதில் ஒரு நிரலின் எண்ணைத் தட்டிவிட்டார். கலம் இன்னும் ஏவுதளத்தில் நிற்பதாகக் கணினி எண்ணிக்கொண்டது. விண்மீன்களைப் பார்த்துப் பார்த்துத் திசையை மறுபடி கற்பித்தார். அவர் மீண்டும் போன அப்பல்லோ 13-இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின், இறங்குகலத்தின் திசைக் கணக்கைச் சரிபார்க்க சூரியனைக் குறிவைத்தார்கள். கலத்தைச் சுற்றி மிதந்த சில்லுகள் மின்னியதில் எது விண்மீன் என்று பிரிக்க முடியவில்லை. அப்பல்லோ 16-இல் யங்கின் கால் ஒரு கம்பியில் சிக்கி வெப்ப ஆய்வுக் கருவியின் இணைப்பு அறுந்தது. விறைத்த உடையில் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது என்பதே காரணம்.

கடைசியாக, தமிழ்நாட்டிலேயே கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்று. 1971 ஆகஸ்ட் 1 அன்று அப்பல்லோ 15-இன் ஸ்காட்டும் இர்வினும் ஒரு பள்ளத்தின் விளிம்பில், தூசுப் பீடத்தின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போனது போலப் பளபளத்த வெண்கல் ஒன்றைக் கண்டார்கள். 269 கிராம், வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். அனார்த்தோசைட் என்னும் பாறை, கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரால் ஆனது. நிலாவின் வெளிர் மேட்டுநிலம் பெரும்பாலும் அதுதான். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சந்திரயான் 2-இன் கலத்தையும் ஊர்தியையும் ஓட்டிப் பார்ப்பதற்கான செயற்கை நிலா மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையை இடித்துத்தான் தயாரித்தது. அந்தக் கல் ஒன்றை ஒவ்வொரு மாவட்ட அறிவியல் மையத்துக்கும் கோளரங்குக்கும் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், ஒரு உருப்பெருக்கியோடு மேசையில் வையுங்கள். பக்கத்தில் இர்வினும் ஸ்காட்டும் எடுத்த கல்லின் படம் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பல்லோ பயணப் பதிவுகளைத் தொடர்ந்து வாசித்துவரும் சிலர்